தவறு மேலே வந்து சேரும் வழி

பணியிடத்தில் நடக்கும் தவறுகள் எல்லாம் மேலாளரின் காதுக்கு எட்டுவதில்லை. எட்டுபவை இரண்டு வகை: மறைக்க முடியாத அளவுக்குப் பெரியவை, செய்தவரே வந்து சொன்னவை. முதல் வகை தெரியவரும்போது நட்டம் ஏற்கெனவே ஆகியிருக்கும். சிறிய செலவில் பாடம் கிடைப்பது இரண்டாம் வகையில்தான். அது எத்தனை வரும் என்பது, முன்பு வந்து சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே தவறைப் பாடமாக்க நினைக்கும் மேலாளர் முதலில் பார்க்க வேண்டியது, தன் பிரிவில் தவறைச் சொல்பவருக்கு ஆகும் செலவு என்ன என்பதை.

திருப்பூரின் ஏற்றுமதிப் பின்னலாடை யூனிட்டுகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தையல் ஊசி. ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களில் ஊசி உடைவது புதிதல்ல. உடைந்த முனை துணிக்குள் தங்கிவிட்டால், அதுவும் குழந்தை உடுப்பில் தங்கிவிட்டால், உடுத்துபவரைக் குத்தும். வாங்கும் நிறுவனம் சரக்கையே நிராகரிக்கும். அதனால் ஒரு நடைமுறை உண்டு. ஊசி உடைந்தால் டைலர் இயந்திரத்தை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி. துண்டுகளைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் இயந்திர எண்ணும் எழுதுவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கிருக்கும் பீஸ்களைத் தனியே எடுத்து வைத்து மெட்டல் டிடெக்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

காகிதத்தில் குறையில்லாத ஏற்பாடு. ஆனால் பல யூனிட்டுகளில் டைலருக்குப் பீஸ் ரேட் கூலி. துண்டு தேடும் நேரம், ஸ்டோருக்கு நடக்கும் நேரம், சூப்பர்வைசர் கையெழுத்துக்கு நிற்கும் நேரம் எல்லாம் கூலியில்லாத நேரம். அதோடு லைன் முழுவதும் கேட்கும்படி ஓர் அதட்டலும், ஊசிக்கான காசைப் பிடிப்பதும் சேர்ந்துகொண்டால் முடிவு தெரிந்ததே. டைலர் சொந்தமாக இரண்டு ஊசி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். பதிவேடு சுத்தமாக இருக்கும். முனை எந்தப் பீஸில் போனது என்பது யாருக்கும் தெரியாது. இங்கே மறைத்தவரைத் திட்டுவதில் பயனில்லை. மறைத்தால்தான் அன்றைய கூலி முழுதாகக் கிடைக்கும் என்று ஆக்கிவைத்தது நிர்வாகம். மாற்றவேண்டியவை சில்லறைக் காரியங்கள்: மாற்று ஊசி லைன் சூப்பர்வைசரின் கையிலேயே இருக்கவேண்டும், தேடும் நேரத்துக்குக் கூலி உண்டு என்று அறிவிக்கவேண்டும், ஊசிக்குப் பிடித்தம் கூடாது. பிறகு மாதம் ஒருமுறை ஸ்டோர் வழங்கிய ஊசிக் கணக்கையும் பதிவேட்டில் ஒட்டிய துண்டுக் கணக்கையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் பொருந்தாத லைனில் சொல்ல அச்சம் இருக்கிறது என்று பொருள்.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது இதே புதிரைச் சந்தித்தார். தலைமையும் கூட்டு வேலையும் நன்றாக இருக்கும் பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று பார்த்தால், அங்கேதான் பதிவான பிழைகள் அதிகம். நுணுகிப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. அந்தச் செவிலியர்கள் பிழையை வெளியே பேசினார்கள். கண்டிப்பான பொறுப்பாளர் இருந்த பிரிவுகளில் பேசவில்லை. 1996இல் வெளியான அந்த ஆய்வு மேலாளர்களுக்குத் தரும் நடைமுறைப் பயன் ஒன்று: இரண்டு பிரிவுகளின் பிழை எண்ணிக்கையை அருகருகே வைத்து, குறைவாகக் காட்டிய பிரிவுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை உடனே நிறுத்திவிடலாம். பரிசு அறிவித்த மறுமாதமே எண்ணிக்கை குறையும். தவறு குறைந்ததா என்பது வேறு விஷயம்.

எந்த வகைத் தவறு

எல்லாத் தவறுக்கும் ஒரே மருந்து கொடுப்பது நிர்வாகத்தில் மிகப் பரவலான பழக்கம். அந்த மருந்தின் பெயர் ‘மறுபயிற்சி’. ஆங்கிலேய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் மனிதப் பிழை பற்றி எழுதிய நூலில் செய்த பாகுபாடு இன்றுவரை விமானத்துறையிலும் மருத்துவத்திலும் பயன்படுகிறது. அதைத் தொழிற்கூடத்துக்கு ஏற்பச் சுருக்கினால் மூன்று கிடைக்கும்.

முதலாவது கைப்பிசகும் மறதியும். செய்ய நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்துவிட்டது. எம் சைஸ் லேபிளுக்குப் பதில் எல் சைஸ் லேபிள் வைத்துத் தைத்துவிட்டார். இதற்குப் பயிற்சி உதவாது. இருபது வருடம் தைத்தவருக்கும் இது நேரும். சொல்லப்போனால் கை தானாக ஓடும் அளவுக்குப் பழகியவருக்குத்தான் அதிகம் நேரும். இரண்டாவது தப்புக் கணிப்பு. செய்தவர் செய்ய நினைத்ததையே செய்தார், ஆனால் நினைத்தது தவறு. சாயம் போட்டு வந்த துணி எவ்வளவு சுருங்கும் என்று பார்க்காமல், போன ஆர்டரின் அளவிலேயே வெட்டிவிட்ட கட்டிங் மாஸ்டர் இந்த வகை. இங்கே பயிற்சியும் தகவலும் உதவும். மூன்றாவது தெரிந்தே விதியை மீறுவது.

மூன்றாவதைப் பற்றி அவசரப்படக் கூடாது. கட்டிங் மேசையில் இரும்பு வலைக் கையுறை போடவேண்டும் என்பது விதி. ஒருவர் மட்டும் போடவில்லை என்றால் அது அவருடைய பிரச்சினை. எட்டுப் பேரில் ஏழு பேர் போடவில்லை என்றால், கையுறை கைக்குப் பொருந்தவில்லை, அல்லது அதைப் போட்டுக்கொண்டு அன்றைய இலக்கை முடிக்க முடியவில்லை, அல்லது சூப்பர்வைசரே கண்டுகொள்ளவில்லை. கைவெட்டு நடந்த அன்று மட்டும் அந்த ஒருவர்மேல் விதிப்புத்தகத்தை எடுத்து வீசுவது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பொய். பணியாளர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

தவறு ஆளுடையதா, ஏற்பாட்டுடையதா என்பதைத் தீர்மானிக்க ஓர் எளிய சோதனை உண்டு. இதே அனுபவமும் திறமையும் உள்ள வேறொருவரை அதே ஷிப்டில், அதே இயந்திரத்தில், அதே அவசரத்தில் உட்காரவைத்தால் அவரும் இதைச் செய்திருப்பாரா? ‘செய்திருப்பார்’ என்பது விடையானால் ஆளை மாற்றுவதால் ஒன்றும் மாறாது. இந்தக் கேள்வியை மேலாளர் தனக்குத்தானே கேட்டுப் பதில் சொல்லிக்கொள்வதைவிட, அதே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது. வேலையை மேசையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாத் தவறும் தவிர்த்திருக்கக்கூடியதாகவே தோன்றும்.

முதல் அரை மணி நேரம்

தவறு தெரியவந்த முதல் அரை மணி நேரத்தில் மேலாளர் செய்யும் எதுவும் அடுத்த ஒரு வருடத்துக்கு அந்தத் தளத்தில் நினைவிருக்கும். வரிசை முக்கியம். முதலில் சேதம் பரவாமல் தடுக்கவேண்டும்: பண்டிலைப் பிரித்து வைப்பது, அடுத்த பிரிவுக்குப் போனதை நிறுத்துவது, தேவையானால் மெர்ச்சண்டைசருக்குச் சொல்வது. இந்த வேலையில் தவறு செய்தவரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். எங்கே தொடங்கியது என்று அவருக்குத்தான் தெரியும். அவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் தேடுவது அவமானம் மட்டுமல்ல, நேர விரயமும்கூட.

பேச்சு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. லேபிள் மாறியதைத் தானே கவனித்துக் கையைத் தூக்கிய டைலரிடம் இளவயதுச் சூப்பர்வைசர் பேசுவது:

“சொன்னது நல்லதாப் போச்சுங்க அக்கா. எந்த பண்டில்ல இருந்து மாறியிருக்கும்னு தோணுது?”

“டீ டைமுக்கு முன்னாடி எல்லாம் சரியா இருந்துச்சு தம்பி. வந்து உக்காந்தப்புறம் எடுத்த கட்டுலதான்.”

“அப்போ மூணு பண்டில். நான் செக்கிங்ல நிறுத்தச் சொல்லிடறேன். லேபிள் டப்பா எங்க வெச்சிருந்தீங்க?”

“ரெண்டும் ஒரே டப்பாதான். கலரும் ஒண்ணு.”

நான்கு முறை பேசியதில் சேதத்தின் எல்லையும் காரணத்தின் நுனியும் கிடைத்துவிட்டன. ‘ஏன் கவனிக்கவில்லை?’ என்று ஆரம்பித்திருந்தால் வந்திருக்கும் பதில் மன்னிப்பு, அல்லது சாக்கு. இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தப் பண்டிலையும் தேட முடியாது. ஏன் என்ற கேள்விக்கு இடம் உண்டு. அது ஆளைப் பற்றியதாக இல்லாமல் டப்பாவைப் பற்றியதாக இருக்கவேண்டும்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் இந்த வரிசை இயந்திர ஏற்பாடாகவே இருக்கிறது. கோளாறைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கிறார், சில ஆலைகளில் பொத்தானை அழுத்துகிறார். விளக்கு எரிந்ததும் குழுத் தலைவர் உதவிக்கு வருகிறார். அந்த நிலையத்துக்கு உரிய நேரத்துக்குள் சரிசெய்துவிட்டால் லைன் நிற்பதே இல்லை; முடியாவிட்டால் நிற்கும். கயிற்றை நகலெடுத்து மாட்டிய நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு. கயிற்றை இழுத்தால் வருபவர் உதவ வருகிறாரா, விசாரிக்க வருகிறாரா என்பதை அவற்றில் பல கவனிக்கவில்லை.

ஆளைத் தாண்டிப் பார்ப்பது

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு வயிறு தரையில் உரச விழுந்தன. இறங்கியதும் இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்க வேண்டிய விமானி, சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். விமானியின் பிழை என்றே பதிவாயிற்று. 1943இல் இதைப் பார்க்க வந்த உளவியலாளர் அல்போன்ஸ் சாபானிஸ், இரண்டுக்குமான விசைகள் ஒரே வடிவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கவனித்தார். சக்கர விசையின் முனையில் சிறிய ரப்பர் சக்கரமும் மடிப்பு விசையின் முனையில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். கை தடவிப் பார்த்தே வேறுபாடு தெரிந்தது. அந்தப் பிழை நின்றது. இன்றைய பயணிகள் விமானத்திலும் சக்கர விசையின் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. களைத்துப்போன விமானிகளுக்கு எத்தனை எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தாலும் இது நடந்திருக்காது.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961இல் யமடா எலக்ட்ரிக் ஆலையில் செய்தது இதைவிட எளியது, சிறு பட்டறைகளுக்கு இன்னும் பொருத்தமானது. ஒரு சுவிட்சின் இரண்டு பொத்தான்களுக்கும் அடியில் ஒவ்வொரு ஸ்பிரிங் வைக்கவேண்டும். சில சமயம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். புகார் வந்ததும் கவனமாக இருக்கச் சொல்வார்கள். கொஞ்ச நாள் சரியாக இருக்கும், பிறகு பழையபடி. ஷிங்கோ ஒரு சிறிய தட்டைக் கொடுத்தார். வேலையைத் தொடங்குமுன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வைக்கவேண்டும். முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். மேலே சொன்ன லேபிள் பிரச்சினைக்கும் இதுவே தீர்வு: பண்டிலில் இருபது பீஸ் என்றால் இருபது லேபிளை எண்ணி அதே பண்டிலோடு கட்டி அனுப்புவது, சைஸுக்கு ஒரு நிறம் வைப்பது. லேபிள் மிஞ்சினாலோ குறைந்தாலோ டைலரே கண்டுபிடிப்பார்.

காரணத்தைத் தோண்டும்போது தவறு செய்த ஆளோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவு இழக்க நேரும் என்பதற்குக் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் அனுபவம் சான்று. 2017 ஜனவரி 31 அன்று இரவு நேரத்தில் ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புகளை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் பெரும்பகுதி போய்விட்டது. ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடித்திருக்கலாம். மீட்க முயன்றபோதுதான் உண்மையான பிரச்சினை வெளிப்பட்டது: வழக்கமான காப்புப் பிரதிகள் உருவாகவே இல்லை, அது தோல்வியடைந்ததை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்துவைத்த ஒரு பிரதி கைகொடுத்தது. நிறுவனம் நடந்ததை முழுமையாக வெளியிட்டது. தவறான கட்டளை ஒரு விபத்து; யாருமே சோதித்துப் பார்க்காத காப்புப் பிரதி, என்றோ நடக்கக் காத்திருந்த பேரிழப்பு. அழித்தவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது அப்படியே காத்துக்கொண்டிருந்திருக்கும்.

கலந்துபேசும் கூட்டத்துக்கு நீண்ட படிவம் தேவையில்லை. அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப் பின் கேட்கும் நான்கு கேள்விகள் போதும்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன், அடுத்த முறை என்ன மாற்றம். இளையவர் முதலில் பேசட்டும். மேலாளர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். ‘இனி கவனமாக இருப்போம்’ என்பதை முடிவாக ஏற்கக் கூடாது. டப்பா, நிறம், இடம், வரிசை, நேரம் என்று தொட்டுக்காட்டக்கூடிய ஏதாவது ஒன்று மாறியிருந்தால்தான் அது முடிவு.

மெமோ, பிடித்தம், ஒழுங்கு நடவடிக்கை

நம் ஊர் நிறுவனங்களில் தவறு நடந்ததும் கை தானாகப் போவது மெமோவுக்கு. விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டால் பணியாளர் நடந்ததை எழுதமாட்டார்; வேலைக்கு ஆபத்து வராதபடி எழுதுவார், தேவையானால் சங்கத்தில் கேட்டு எழுதுவார். அது அவருடைய உரிமை. ஆனால் அந்தக் காகிதத்திலிருந்து நிறுவனம் எதையும் கற்க முடியாது. எனவே கற்பதற்கான பேச்சும் ஒழுங்கு நடவடிக்கையும் தனித்தனித் தடங்களில் போகவேண்டும். முதல் தடத்தில் சொன்னதை இரண்டாம் தடத்தில் ஆதாரமாக எடுப்பதில்லை என்று மேலாளர் முன்கூட்டியே சொல்லி, ஒருமுறைகூட மீறாமல் இருக்கவேண்டும். அமெரிக்க விமானத்துறை இந்தப் பிரிப்பை 1976லேயே செய்தது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் பிழைகளை, தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பிடம் சொல்வதில்லை. நாசா நடத்தும் தனி அமைப்புக்கு அனுப்புகிறார்கள். பெயர் நீக்கப்படுகிறது. வேண்டுமென்றே செய்யாத மீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. விபத்துக்கும் குற்றச் செயலுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

கூலியில் பிடிப்பது பற்றிச் சட்டம் பலர் நினைப்பதைவிடக் கறாரானது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும், அதன் இடத்தை எடுத்துக்கொள்ள இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் ஒன்றையே சொல்கின்றன: சேதத்துக்காகப் பிடிக்கும் தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது; சேதம் பணியாளரின் அலட்சியத்தால் நேர்ந்திருக்கவேண்டும்; பிடிக்குமுன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்கவேண்டும். அபராதம் என்றால் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொல்லி நூறு இருநூறு பிடிப்பதற்கு இதில் எங்கும் இடமில்லை. சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும், பிடித்த இருநூறைவிட அடுத்து மறைக்கப்படும் தவறின் விலை அதிகம்.

ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களில் இன்னொரு சிக்கல். மேலாளர் எவ்வளவு பெருந்தன்மையாக இருந்தாலும், டைலர்களை அழைத்துவந்த கான்ட்ராக்டர் தன் கணக்கில் பிடித்துக்கொண்டால் எல்லாம் வீண். ஆல்ட்ரேஷன் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது ஒன்றே வழி.

ஒழுங்கு நடவடிக்கையே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தெரிந்தே மறைத்தது, பதிவைத் திருத்தியது, குடித்துவிட்டு இயந்திரத்தில் உட்கார்ந்தது, சக ஊழியரின் பாதுகாப்பை வேண்டுமென்றே கெடுத்தது ஆகியவை இந்த அத்தியாயத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவை. அவற்றையும் ‘கற்றல்’ கணக்கில் சேர்த்தால், ஒழுங்காக வேலை செய்பவர்கள்தான் முதலில் மனம் வெறுப்பார்கள். ஒரே ஆள் ஒரே வகைத் தவறைத் திரும்பத் திரும்பச் செய்வது இடைப்பட்ட நிலை. கண்பார்வை, தூக்கம், வீட்டுக் கவலை, பொருந்தாத வேலை என்று காரணம் பலவாக இருக்கலாம். வேலையை மாற்றிக் கொடுத்துப் பார்த்த பிறகே வேறு முடிவுக்குப் போகவேண்டும்.

மேலிடத்துக்குப் பதில் சொல்வது

கீழே இருப்பவர் தவறைச் சொல்லத் துணிவது, அது மேலே போகும்போது தன் பெயரோடு போகாது என்ற நம்பிக்கையில். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வென்றபோது செய்தியாளர் சந்திப்பைக் கலாமிடம் விட்டுவிட்டார். கலாம் மேடைதோறும் சொன்ன கதை என்பதால் தலைவரின் பெருந்தன்மை மட்டும் நினைவில் நிற்கிறது. இதில் ஒரு நிர்வாகப் பயனும் உண்டு. வெளியிலிருந்து வரும் கேள்விகளைத் தலைவர் தன்மேல் வாங்கிக்கொண்டதால், எது பழுதானது என்று தேடவேண்டியவர்கள் தற்காப்பில் நேரத்தைச் செலவிட வேண்டியிருக்கவில்லை.

சாதாரண அலுவலகத்தில் இது சிறு அளவில் நடக்கவேண்டும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் ‘எங்கள் பிரிவில் தவறு நேர்ந்துவிட்டது’ என்று இருக்கட்டும்; ஊழியரின் பெயர் வேண்டாம். முதலாளி ‘யார் அந்த ஆள்?’ என்று கேட்டால், என்ன மாற்றம் செய்திருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பெயருக்கு வருவது நல்லது. பெரும்பாலும் பெயருக்கு வரவேண்டிய தேவை இருக்காது.

பதிவேடு

ஒரு நோட்டுப் புத்தகமே போதும். தேதி, என்ன நடந்தது, எப்படித் தெரியவந்தது, எதை மாற்றினோம், மாற்றம் ஒரு மாதம் கழித்தும் இருக்கிறதா என்று ஐந்து பத்திகள். செய்தவர் பெயருக்குப் பத்தி கிடையாது. மூன்றாவது பத்திதான் மேலாளருக்கு அதிகம் பயன்படும்: செய்தவரே சொன்னது, செக்கிங்கில் பிடிபட்டது, வாடிக்கையாளர் கண்டுபிடித்தது என்று பிரித்துப் பார்த்தால், முதல் வகையின் பங்கு கூடுகிறதா குறைகிறதா என்பது தெரியும். மொத்த எண்ணிக்கை ஆரம்ப மாதங்களில் ஏறத்தான் செய்யும். அதுவரை மறைந்திருந்தவை வெளியே வருகின்றன.

ஐந்தாவது பத்தி பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். மாற்றிவைத்த டப்பா மூன்று வாரத்தில் பழைய இடத்துக்குப் போய்விடும், நிறம் மாறிய லேபிள் தீர்ந்ததும் பழைய லேபிளே வாங்கப்படும். மாதக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி, பதிவேட்டை எடுத்துக்கொண்டு தளத்தில் நடந்து ஒவ்வொன்றையும் நேரில் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. அப்போதே, தவறைச் சொன்னவரிடம் அவர் சொன்னதால் என்ன மாறியது என்று காட்டிவிட்டும் வரலாம். வேறு யூனிட்டுகள் உள்ள நிறுவனமாக இருந்தால் அந்த மாதத்தின் பக்கங்களைப் படமெடுத்து அங்குள்ள பொறுப்பாளர்களுக்கும் அனுப்பலாம். அதே டப்பா அங்கேயும் இருக்கும்.